கருத்தடை மாத்திரையா, மெட்ஃபார்மினா, ஆச்சியின் கழற்சிக்காயா?

அக்கா மகளுக்கு வயது 22. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் நான்கு. தாடையில் முடி வேறு. தென்காசியில் பார்த்த மருத்துவர், சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் என்று சொல்லி, கருத்தடை மாத்திரை எழுதினார். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு இதுவா என்று அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. ஆரியங்காவு தாண்டிப் புனலூருக்குக் கூட்டிப்போனாள். அங்கே சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின். செங்கோட்டை வீட்டுக்குத் திரும்பினால், ஆச்சி கழற்சிக்காய்ப் பருப்பை மிளகோடு இடித்துத் தயாராக வைத்திருக்கிறாள்.

"சித்தி, நான் எதைத்தான் முழுங்க?"

முதலில் 'நீர்க்கட்டி' என்ற பேரே ஆளைக் குழப்புகிறது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் இல்லை. முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். கரைக்க வேண்டிய பொருள் அங்கே எதுவும் கிடையாது. 2003-இல் வகுத்த ராட்டர்டாம் அளவுகோல்படி, ஒழுங்கற்ற மாதவிலக்கு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் பிசிஓஎஸ். அதற்கு முன் தைராய்டு, புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன் ஆகியவற்றில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட வேண்டும்.

சரி, கருத்தடை மாத்திரை. பேரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ரத்தத்தில் சுதந்திரமாகத் திரியும் ஆண் ஹார்மோனை இது குறைக்கிறது. பருவும் முடியும் மட்டுப்படும். முடி விஷயத்தில் ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். இதைவிட முக்கியம் கருப்பை. 90 நாளுக்கு மேல் விலக்கு தள்ளிக்கொண்டே போனால் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் வரை போகும் ஆபத்து உண்டு. மாத்திரை அதைத் தடுக்கிறது. ஆனால் மாதாமாதம் வரும் ரத்தப்போக்கைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நிறுத்தினால் பழைய கதைதான். பார்வையில் மின்னல் தெறிக்கும் ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு, உயர் ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். அவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையை இடைவெளி விட்டுக் கொடுப்பார்கள்.

மெட்ஃபார்மின் வேறு வாசல் வழியாக வருகிறது. இன்சுலினுக்கு உடம்பு மசியாதபோது இன்சுலின் கூடுகிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. அந்த வேரைத்தான் மெட்ஃபார்மின் தொடுகிறது. சர்க்கரைக்கு நல்லது, விலையும் குறைவு. முடிக்கும் பருவுக்கும் கருத்தடை மாத்திரை அளவுக்கு வராது. வயிற்றைப் பாடாய்ப்படுத்தும், 500 மில்லிகிராமில் தொடங்கி, சாப்பாட்டோடு, வாரம் ஒன்றிரண்டுக்கு ஒருமுறை ஏற்றினால் தாங்கலாம். நாள்பட்டால் வைட்டமின் பி12 குறையலாம்.

கழற்சிக்காய்? ஆச்சியிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பிசிஓஎஸ்-க்கென்று 2023-இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கும் மருந்துகளில் அது இல்லை. குழந்தைக்கு முயல்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அவர்களுக்கு முதல் மருந்து, சினைமுட்டையை வெளிவரத் தூண்டும் லெட்ரசோல். 2014-இல் 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் லெட்ரசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். பழைய குளோமிஃபீனில் 19.1.

சாப்பாடு தனிப் போட்டியாளரே இல்லை, எதை எடுத்தாலும் கூடவே வர வேண்டியது. எடை கூடியிருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே விலக்கு சீராக வாய்ப்புண்டு. கேரளச் சிவப்பரிசிக்கு மாறிவிட்டோம் என்று அக்கா பெருமைப்படுகிறாள்; தட்டில் மலை மாதிரி குவித்தால் எந்த அரிசியும் ஒன்றுதான். பிரானூர் பார்டர் பரோட்டாவை ஒரேயடியாக விடச் சொன்னால் இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். மாதம் ஒருநாள் என்று பேசி முடித்திருக்கிறோம்.

அப்புறம், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த ரத்தச் சர்க்கரைச் சோதனையில் அக்கா மகளுக்கு 152 வந்தது. 140-ஐத் தாண்டினால் சர்க்கரை நோயின் வாசற்படி. தென்காசி மருத்துவர் கருப்பையைப் பார்த்திருக்கிறார், புனலூர்க்காரர் சர்க்கரையைப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் சொன்னது சரிதான். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தென்காசி மருத்துவரே இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். மாத்திரை அட்டை இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சாயங்காலம் நடக்கிற சாக்கில் வந்து போட்டுக்கொண்டு போகிறாள்.