ஐப்பசிக் காற்றில் ஒபாட்ரி II 85எஃப்: வாங்கலாமா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மாத்திரைக்குக் கோட்டிங் போடுகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் படும் பாடு தனி. 25 டிகிரியில் 95% ஈரப்பதம் என்றால் ஒரு கிலோ காற்றில் சுமார் 19 கிராம் தண்ணீர் இருக்கும். பூச்சை உலர்த்தும் ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்குமே தவிர, தண்ணீரை எடுக்காது. இந்தக் காற்றை மனதில் வைத்தே, தண்ணீரில் கலந்து மாத்திரைமேல் அடிக்கும் ஒபாட்ரி II 85எஃப் என்ற கோட்டிங் பொடியை எடைபோடுகிறோம்.

பாலிவினைல் ஆல்கஹால், மேக்ரோகால் 3350, டால்க், டைட்டானியம் டை ஆக்சைடு எல்லாம் கலந்தே வருகிறது. ஒவ்வொன்றாக நிறுக்கும் வேலை மிச்சம். செல்லுலோஸிலிருந்து வரும் ஹெச்பிஎம்சி என்ற பாலிமரால் போடும் பூச்சைவிட இது ஈரத்தைக் குறைவாகவே உள்ளே விடும். பாலிமர் ஒரு காரணம். தட்டையான டால்க் துகள்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நீராவியைச் சுற்றுவழியில் அலையவிடுவது இன்னொன்று.

கணக்குப் போட்டால் லாபம் தெரியும். 5 கிலோ மாத்திரைக்கு 3% எடை ஏற்ற 150 கிராம் பொடி. இதை 20% கரைசலாக அடிக்கலாம், 600 கிராம் தண்ணீர் போதும். ஹெச்பிஎம்சியை 12 சதவீதத்தில் அடித்தால் அதே 150 கிராமுக்கு 1,100 கிராம் தண்ணீர். அந்தக் கூடுதல் அரை லிட்டரையும் மழைக்காலக் காற்றுதானே உலர்த்த வேண்டும்? சேதாரத்துக்கு 10% கூட்டி 165 கிராம் பொடி, 660 கிராம் தண்ணீர் என்று எடுப்பது நல்லது.

கலக்குவதில் அவசரம் கூடாது. தண்ணீரில் சுழி விழுந்ததும் பொடியைச் சுழியின் ஓரத்தில் சீராகத் தூவி, பிறகு வேகத்தைக் குறைத்து 45 நிமிடம் ஓட்டுங்கள். வேகத்தைக் குறைக்காவிட்டால் நுரை கட்டும். நுரையோடு அடித்த பூச்சில் குண்டூசித் துளை விழும். ஸ்ப்ரே முடியும்வரை மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். டைட்டானியம் அடியில் தங்கினால் முதல் மாத்திரைக்கும் கடைசி மாத்திரைக்கும் நிறம் ஒத்துப்போகாது.

பாலிவினைல் ஆல்கஹாலின் குறை, ஈரம் மிஞ்சினால் பசைபோல ஒட்டுவது. மாத்திரைப் படுகையின் (கோட்டிங் பாத்திரத்தில் புரளும் மாத்திரைக் குவியலின்) சூடு 42–46 டிகிரிக்குள் நிற்கட்டும். இறங்கினால் தட்டை மாத்திரைகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். ரொம்ப ஏறினால் துளி வழியிலேயே காய்ந்து ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு. மேற்பரப்பில் அம்மைக் கொப்புளம்போல மேடு தெரிந்தால் பூச்சைத் திட்டாதீர்கள். மாத்திரை கரைந்து உடைவதற்காக உள்ளே சேர்த்த கிராஸ்கார்மெல்லோஸ் ஸ்ப்ரே ஈரத்தில் ஊதியிருக்கிறது: ஸ்ப்ரே வேகத்தைக் குறையுங்கள்.

இனி பூச்சுக்கு உள்ளே இருக்கும் மாத்திரை, அதாவது கோர். நல்ல பூச்சு வாங்கிவிட்டோம் என்று மருந்தோடு சேர்க்கும் துணைப்பொருளில் கோட்டை விடுகிறவர்கள் அதிகம். ஆஸ்பிரினையே எடுங்கள். மெக்னீசியம் ஸ்டியரேட்டும் டைகால்சியம் பாஸ்பேட்டும் அதைச் சிதைக்கும். உள்ளே ஏற்கெனவே ஈரம் இருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. ஸ்ட்ரிப்பைப் பிரித்ததும் வினிகர் வாடை அடிக்கும். மசகுக்கு ஸ்டியரிக் ஆசிட் 0.5–1%, ஓட்டத்துக்குக் கூழ்ம சிலிக்கா 0.25–0.5%, ஈரக் கிரானுலேஷன் (பொடியை நனைத்துக் குருணையாக்குவது) இல்லாமல் நேரடி அழுத்தம். மாத்திரையை இறுக்கிப் பிடிக்கச் சேர்க்கும் செல்லுலோஸ் பொடி வகைகளில் பிஹெச்-102 சுமார் 3–5% ஈரத்தோடு வரும், பிஹெச்-112 அதிகபட்சம் 1.5%. விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் பின்னதை எடுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு மீட்டர் வைத்து 17% என்று பார்ப்பதுபோல மாத்திரையில் ஒற்றை எண்ணை நம்ப முடியாது. பாதி வெந்த ஸ்டார்ச் (பகுதி ப்ரீஜெலடினைஸ்டு ஸ்டார்ச்) 10% சுற்றி ஈரம் காட்டும். ஆனால் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் மருந்துக்கு எட்டுவது குறைவு. ஆஸ்பிரினுக்கு அது நல்ல துணை. அம்லோடிபின்போல அமீன் உள்ள மருந்தோடு லாக்டோஸ் சேர்ந்தால் கதை வேறு, நாளடைவில் பழுப்பேறும். அங்கே மானிட்டால் போடலாம். ஆக்சிஜனால் கெடும் மருந்துக்கு, பொடியை ஒட்டவைக்கும் போவிடோன், மேக்ரோகால் இரண்டிலும் துளிப் பெராக்சைடு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 85எஃப்-இலும் மேக்ரோகால் உண்டு.

வைட்டமின், காய்ந்த மூலிகைச் சாற்றுப் பொடி மாதிரி ஈரத்தை உறிஞ்சும் சரக்குக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். பாராசிட்டமால் மாதிரி ஈரத்துக்கு அசராத மருந்துக்கு மலிவான ஹெச்பிஎம்சி போதும், இது வீண் செலவு. எதைப் போட்டாலும் 40 டிகிரி, 75% ஈரத்தில் 6 மாதம் வைத்துப் பார்க்காமல் பெரிய பேட்ச் ஏற்றாதீர்கள். அதுவும் எந்த பேக்கிங்கில் விற்கப்போகிறீர்களோ அதிலேயே. வெறும் பிவிசி பிளிஸ்டருக்கும், இருபுறமும் அலுமினியத் தகடு வைத்த அலு-அலுவுக்கும் நிறைய வித்தியாசம். ஸ்ப்ரே முடிந்த சூட்டோடு டிரம்மில் அடைப்பதும் தவறு. கோட்டிங் பாத்திரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, மாத்திரை அறைச்சூட்டுக்கு வந்தபின் இரட்டைப் பாலிதீன் பையில் கட்டி, இரண்டு பைக்கும் இடையில் சிலிக்கா ஜெல் போடுங்கள்.