ஹெக்-ராஸ் இருபரிமாண மாதிரி: கரையை நீங்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்

வெள்ள அபாய வரைபடம் தயாரிக்க மென்பொருள் தேடுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது ஹெக்-ராஸில்தான். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் பொறியியல் மையம் 1995இல் வெளியிட்டது. இலவசம், விண்டோஸில் ஓடும். ஆற்றைக் குறுக்குவெட்டுகளாகப் பிரித்து நீர்மட்டம் கணக்கிடுவதே நெடுங்காலம் அதன் வேலை. 2016இல் வந்த 5.0 பதிப்பு, நீர் எல்லாப் பக்கமும் பரவுவதைக் கணக்கிடும் இருபரிமாண ஓட்டத்தைச் சேர்த்தது. 2021இல் வந்த 6.0, இருபரிமாணப் பகுதிக்கும் பம்ப் நிலையம், இடத்துக்கு இடம் மாறும் மழை, மண்ணுக்குள் இறங்கும் நீர், தரைமட்டத்தைத் திருத்தும் கருவி எல்லாவற்றையும் கொண்டுவந்தது. இந்த மதிப்புரை 6-வரிசையின் இருபரிமாணப் பகுதியைப் பற்றியது.

இதன் பெரிய பலம் செல்லை, அதாவது நிலத்தைப் பிரிக்கும் கட்டத்தை, நடத்தும் விதம். பல மாதிரிகளில் ஒரு செல்லுக்கு ஒரே தரைமட்டம்தான், தட்டையான பலகை மாதிரி. ஹெக்-ராஸ் அப்படிச் செய்வதில்லை. 1 மீட்டருக்கு ஒன்றாக எடுத்த தரைமட்டத் தரவு கொடுத்து 50 மீட்டர் செல் போட்டாலும், அந்தச் செல்லுக்குள் எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் பிடிக்கும் என்ற அட்டவணையை நுண்தரவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. செல்லின் ஒவ்வொரு விளிம்பும் ஒரு குறுக்குவெட்டாகவே கணக்கில் வருகிறது. செல் அளவைப் பாதியாக்கினால் செல்கள் நான்கு மடங்கு, கணக்கிடும் கால இடைவெளியும் பாதி, ஆக ஓடும் நேரம் ஏறத்தாழ எட்டு மடங்கு. அதைத் தவிர்க்க முடிவதே பெரிய லாபம்.

சறுக்கும் இடமும் இதுவேதான். ஒரு செல்லுக்குள் நீர்மட்டம் ஒன்றே ஒன்று. 3 மீட்டர் உயரக் கரை ஒரு செல்லின் நடுவே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் பக்கம் நீர் ஏறியதும் செல்லின் மறுபாதியும் அதே மட்டத்துக்கு நிரம்பிவிடும். கரை உடையவில்லை, மேலே வழியவும் இல்லை, ஆனால் வரைபடத்தில் ஊர் முழுகிக் கிடக்கும். கரையின் உச்சிமேல் பிரேக்லைன் (செல் விளிம்புகளைத் தன்மேல் இழுக்கும் கோடு) வரைந்து, அதற்கு 15 அல்லது 20 மீட்டர் செல் இடைவெளி கொடுத்து, மெஷை (செல்களின் வலையை) அந்தக் கோட்டோடு ஒட்ட வைத்தால் செல் விளிம்புகள் உச்சியில் உட்காரும், கசிவு நிற்கும். சாலை மேடு, ரயில் பாதை, வாய்க்கால் கரை எல்லாவற்றுக்கும் இதைச் செய்தாக வேண்டும். மெஷை நெருக்கினால் போதும் என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஆனால் பிரேக்லைன் இல்லாத கரையை உண்டாக்காது. 30 மீட்டர் தரவில் 3 மீட்டர் அகல உச்சி தெரியவே தெரியாது. எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த தரவு. தோப்பு இருந்த இடத்தில் மரத்தலையும், தெரு இருந்த இடத்தில் கூரையும் அதில் தரையாகக் கலந்திருக்கும். ஐரோப்பாவின் கோபர்நிக்கஸ் 30 மீட்டர் தரவு அதைவிடத் துல்லியமானது என்றாலும் அதுவும் மேற்பரப்புதான். இரண்டையும் ஒட்டும்போது கவனம் வேண்டும்: முன்னதன் உயரம் ஈஜிஎம்96 என்ற கடல்மட்ட அடிப்படையை வைத்தது, பின்னது ஈஜிஎம்2008ஐ வைத்தது. கரை உச்சியை அளந்து வந்து, ஹெக்-ராஸின் வரைபடப் பகுதியான ராஸ் மேப்பரின் தரைமட்டத் திருத்தத்தில் உயர்கோடாகச் சேர்ப்பதே சரியான வழி. சாலைக்கு அடியில் நீர் போகும் கல்வெர்ட்டுக்கு நேர்மாறான சிக்கல். தரவில் சாலை அணை போலக் குறுக்கே நிற்கும், மேற்புறம் பொய்யாக ஒரு ஏரி தேங்கும். அந்த இடத்தில் இணைப்புக் கட்டமைப்பு போட்டுக் குழாயின் அளவையும் அடிமட்டத்தையும் கொடுங்கள்.

கால இடைவெளியில் தடுமாறுபவர்கள் அதிகம். வேகத்தைக் கால இடைவெளியால் பெருக்கி செல் அளவால் வகுத்தால் வருவது கூரன்ட் எண். நீர் நொடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது, செல் 40 மீட்டர் என்றால் 20 நொடிக்கு அது 1. நீரின் வேகமாற்றத்தையும் கணக்கில் எடுக்கும் முழுச் சமன்பாட்டுக்கு 1ஐ ஒட்டி வைப்பது நல்லது. அதை விட்டுவிடும் எளிய வடிவமான டிஃப்யூஷன் வேவ் 2 வரை தாங்கும். இயல்பாக வருவது டிஃப்யூஷன் வேவ்தான், வேகமாகவும் ஓடும். ஆனால் அணை உடைப்பு, கூர்மையான வளைவு, பாலத் தூண், கடல் ஏற்றவற்றம் இருக்கும் இடங்களில் அதை நம்பக் கூடாது.

ஓட்டம் முடிந்ததும் வண்ணப்படத்தைப் பார்க்குமுன் கன அளவுப் பிழையை, அதாவது நீர்க் கணக்கில் விடுபட்டதையோ கூடியதையோ, பாருங்கள். 1 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ கோளாறு. கீழ்முனையில் சரிவை வைத்து எல்லை நிபந்தனை (நீர் வெளியேறும் இடத்துக்கான விதி) கொடுத்திருந்தால், நமக்கு வேண்டிய பகுதிக்கு வெகு கீழே அதைத் தள்ளி வைக்க வேண்டும். அருகில் வைத்தால் ஊகித்த சரிவே ஊரின் நீர்மட்டத்தைத் தீர்மானித்துவிடும். மெஷ்மேல் நேராக மழை பெய்ய வைத்தால் எல்லாச் செல்லும் ஈரமாகும், 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழத்தை மறைத்துப் பாருங்கள். இன்னொன்று: கணினியில் தசமத்துக்குக் காற்புள்ளி வைத்திருந்தால் எண்களைத் தவறாகப் படிக்கும், புள்ளிக்கு மாற்றிவிடுங்கள்.

மழைநீர் வடிகால்தான் பிரச்சினை என்றால் எஸ்டபிள்யூஎம்எம் என்ற வடிகால் மாதிரி மென்பொருள் இதைவிட நல்ல தேர்வு. குழாய், மேன்ஹோல், பம்ப் எல்லாம் அதற்கு இயல்பு. தெருவில் வழியும் நீரை அது சரியாகக் காட்டாது என்பதே குறை.

திட்டமிடலுக்கு ஹெக்-ராஸ் பாதி வழிதான் வரும். ஆழமும் வேகமும் தரும். இரண்டையும் (ஆழம் மீட்டரில், வேகம் நொடிக்கு மீட்டரில்) பெருக்கினால் ஆபத்தின் அளவு கிடைக்கும். ஆஸ்திரேலிய வகைப்பாட்டில் அது 0.6ஐத் தாண்டும் இடம் குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் பாதுகாப்பில்லை. சேதக் கணக்கை வெளியே எடுத்துப்போய்த்தான் செய்ய வேண்டும். பத்தாண்டு வெள்ளத்தில் சேதம் 20, ஐம்பதாண்டு வெள்ளத்தில் 100 என்றால், அந்த இடைவெளியிலிருந்து ஆண்டுச் சராசரிக்கு வருவது 60 × 0.08, அதாவது 4.8 (60 என்பது இரண்டு சேதங்களின் சராசரி, 0.08 என்பது இரு வெள்ளங்களின் ஆண்டு வாய்ப்புகளான 0.1க்கும் 0.02க்கும் உள்ள வித்தியாசம்). இப்படி எல்லா இடைவெளியையும் கூட்டவேண்டும். நூறாண்டு வெள்ளத்தை மட்டும் ஓட்டிவிட்டுக் கரை உயரத்தை முடிவு செய்கிறவர்கள், அடிக்கடி வரும் சிறு வெள்ளங்கள் சேர்க்கும் பங்கைத் தவறவிடுகிறார்கள். 2, 5, 10, 25, 50, 100 என ஆறு ஓட்டங்களாவது போடுங்கள். கரையோடு ஒருமுறை, கரையில்லாமல் ஒருமுறை.