ஐடி பிழைகளைப் பிடிக்கும் எக்ஸ்எம்எல்லிண்ட்: ஒரு மதிப்பீடு

நூலகப் பட்டியல், அகராதி போன்றவற்றை எக்ஸ்எம்எல் (தரவுகளைக் குறிச்சொற்களால் அடையாளமிட்டு எழுதும் முறை) கோப்புகளாகப் பராமரிப்பவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் சரிபார்ப்புக் கருவி, லிப்எக்ஸ்எம்எல்2 நிரலகத்தோடு இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்எம்எல்லிண்ட். மேக் கணினிகளில் இது ஏற்கெனவே இருக்கிறது. உபுண்டுவில் ஒரு சிறு பொதியை நிறுவினால் போதும். கட்டளை வரியில்தான் இயங்கும்.

எக்ஸ்எம்எல் உறுப்பின் (குறிச்சொற்களுக்குள் அமையும் பகுதி) ஒரு பண்புக்கு 'ஐடி' (அடையாளம்) என்று பெயர் வைத்தாலே அது தனித்த அடையாளமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். பெயருக்கு அந்த வலிமை கிடையாது. கோப்பின் அமைப்பு விதிகளைச் சொல்லும் டிடிடியில், பண்புகளின் வகைகளைக் குறிக்கும் அட்லிஸ்ட் அறிவிப்பில் அதன் வகை ஐடி என்று குறித்திருக்க வேண்டும். சிடேட்டா (வெறும் எழுத்துத் தொடர்) என்று அறிவித்திருந்தால் ஒரே மதிப்பு எத்தனை இடங்களில் வந்தாலும் கருவி ஒன்றும் சொல்லாது. அறிவிப்பு சரியாக இருந்து, டிடிடியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லும் 'வேலிட்' தெரிவையும் சேர்த்து இயக்கும்போதுதான் எக்ஸ்எம்எல்லிண்டின் அருமை தெரிகிறது. அந்தத் தெரிவை விட்டுவிட்டால் கோப்பின் இலக்கணம் சரியா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

நூல் வரிசை எண்ணான 1024-ஐ அப்படியே ஐடி மதிப்பாகக் கொடுத்தால், இலக்கத்தில் தொடங்கும் மதிப்பு செல்லாது என்று வரி எண்ணுடன் பிழை காட்டுகிறது. 'நூ1024' என்று எழுதினால் தமிழ் எழுத்தையும் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆசிரியரைச் சுட்டும் ஐடிரெஃப் பண்பு (வேறோர் உறுப்பின் ஐடியைக் குறிப்பது), கோப்பில் இல்லாத அடையாளத்தைச் சுட்டினால் அதையும் பிடித்துவிடுகிறது. ஐடி பண்புக்கு இயல்பு மதிப்பு (எதுவும் எழுதாதபோது தானாக வரும் மதிப்பு) கொடுப்பது, ஒரே உறுப்புக்கு இரண்டு ஐடி பண்புகளை அறிவிப்பது போன்ற டிடிடி பிழைகளும் இதன் கண்ணுக்குத் தப்புவதில்லை. ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கையால் சரிபார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி!

குறை ஒன்று உண்டு. ஒரே அடையாளம் இரண்டாம் முறை வரும் வரியைச் சொல்லும் இந்தக் கருவி, முதலில் வந்த வரியைச் சொல்வதில்லை. பெரிய கோப்பில் அதை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நூலுக்கும் ஆசிரியருக்கும் ஒரே அடையாளத்தை வைக்க முடியாமல் போவதைக் கருவியின் குறையாகக் கொள்ள முடியாது. 1998-இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதியே ஆவணம் முழுவதற்கும் ஐடி தனித்திருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகை உறுப்புக்கும் தனி அடையாள வரிசை வேண்டுமென்றால் டிடிடிக்கு மாற்றான எக்ஸ்எம்எல் ஸ்கீமாவுக்கு மாறலாம். அதையும் இதே எக்ஸ்எம்எல்லிண்டைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம்.