‘செருகினால் போதும், விண்டோஸ் ஏறிவிடும்’ என்று விற்கும் பென்டிரைவை வாங்காதீர்கள்

‘ரெடிமேட் பூட்டபிள் பென்டிரைவ், 256 ஜிபி, விண்டோஸ், லினக்ஸ் எல்லாம் ஒன்றில்’ என்று ஆன்லைனில் விளம்பரம் கண்ணில் பட்டால் தயவுசெய்து கடந்துபோய்விடுங்கள். பூட்டபிள் என்றால் கணினியை அதிலிருந்தே தொடங்கி விண்டோஸ் போன்ற இயங்குதளத்தை ஏற்றலாம் என்று அர்த்தம். நான் வாங்கியது போலி. அது தெரிவதற்குள் நல்ல நிலையில் இருந்த மதர்போர்டை மாற்றச் சொல்லும் அளவுக்கு விஷயம் போய்விட்டது. விற்றவர் சொன்ன சாக்கு ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகவே இருந்தது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

லேப்டாப்பில் புது எஸ்எஸ்டி (சேமிப்பகம்) போட்டிருந்தேன், அதில் விண்டோஸ் ஏற்ற வேண்டும். கைவசம் வேறு கணினி இல்லை. தயாராகக் கிடைக்கும் பென்டிரைவ் வசதி என்று ஆர்டர் செய்தேன். வந்ததைச் செருகி, எதிலிருந்து தொடங்குவது என்று கணினி கேட்கும் பூட் மெனுவில் தேர்ந்தெடுத்ததும் அழகான பட்டியல் ஒன்று வந்தது: விண்டோஸில் சில பதிப்புகள், லினக்ஸில் சில வகைகள், ஏதேதோ பழுதுபார்க்கும் கருவிகள். லினக்ஸ் எதைத் தொட்டாலும் திரை கறுத்து மறுபடி அதே பட்டியலுக்கு வந்து நிற்கும். விண்டோஸில் ஒன்று மட்டும் இன்ஸ்டால் திரை வரை போனது. கோப்புகளைப் பிரிக்கும் கட்டத்தில் 0எக்ஸ்80070570 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. கோப்பு சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: “செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள்.” முறையான கையொப்பம் இல்லாத நிரலை வைத்துக் கணினி தொடங்க விடாத பாதுகாப்பு அது. செய்தேன், பலனில்லை. சில நாள் கழித்து அடுத்த பதில்: “பயாஸில் லெகசி மோடுக்கு மாற்றுங்கள்.” (பயாஸ் என்பது கணினியைத் தொடங்கி வைக்கும், போர்டுக்குள்ளேயே இருக்கும் நிரல். லெகசி என்பது பழைய தொடக்க முறை.) அதற்கும் பலனில்லை என்றதும் இன்னும் சில நாள் கழித்து, “உங்கள் பயாஸ் பழசு, அப்டேட் செய்யுங்கள்.” இப்படி ஒவ்வொரு பதிலுக்கும் இழுத்தடித்ததில் பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு நெருங்கிவிட்டது. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த மூன்று யோசனைகளும் முழுப் பொய் அல்ல, பூட் ஆகாததற்கு அவையும் காரணமாக இருக்கலாம். ஆனால் கண்மூடிச் செய்தால் புதுத் தலைவலி வரும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்ட கணினியில் செக்யூர் பூட்டை அணைத்தால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் அத்தனை கோப்புகளும் பூட்டியபடியே கிடக்கும். லெகசிக்கு மாற்றினால், ஜிபிடி என்ற புதிய முறையில் பிரித்த டிஸ்க்கில் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ்கூட எழாமல் போகும். பயாஸ் அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் போர்டே செத்துப்போகலாம். அதிகாரப்பூர்வ விண்டோஸுக்கோ, உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றுக்கோ செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய தேவையே பொதுவாக இல்லை. அவற்றின் பூட் கோப்புகளில் முறையான கையொப்பம் இருக்கிறது. எடுத்த எடுப்பில் அதை அணைக்கச் சொல்பவர் விற்கும் சரக்கைச் சந்தேகப்படுவதில் தப்பில்லை.

அப்புறம் ஒரு சர்வீஸ் கடை. அங்கே வேறு பென்டிரைவ் எதையும் செருகிப் பார்க்கவில்லை. என்னுடையதைச் செருகினார்கள், வரவில்லை. “போர்டில் பூட் செக்ஷன் போயிடுச்சு, போர்டு மாத்தணும்” என்றார்கள். பார்த்ததற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்கள். பயாஸ் திரை ஒழுங்காகத் திறக்கிறது, கீபோர்டு வேலை செய்கிறது, யுஎஸ்பியில் இருக்கும் மெனு திரையில் வருகிறது. இத்தனையும் நடக்கும் போர்டில் ‘பூட் செக்ஷன்’ என்று தனியாக எது செத்துப்போகும்? கேட்டேன். “டெக்னிக்கல் விஷயம் சார்” என்பதுதான் பதில்.

நண்பர் ஒருவர் தன் கணினியில் அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் செய்யத் தேவையான எல்லாம் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கி, ரூஃபஸ் என்ற நிரல் மூலம் பழைய 16 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதிக் கொடுத்தார். செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்துவிட்டு அதைச் செருகினேன். விண்டோஸ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏறியது. போர்டில் ஒரு குறையும் இல்லை.

அதன் பிறகுதான் வாங்கிய பென்டிரைவைச் சோதித்தேன். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச நிரல் இருக்கிறது. பென்டிரைவ் நிறையும்வரை தனக்குத் தெரிந்த தரவை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். மணிக்கணக்கில் ஓடியது. 256 ஜிபி என்று விற்றதில் ஏறக்குறைய 30 ஜிபிதான் உண்மை. மற்றதெல்லாம் வெறும் எண்.

இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பென்டிரைவுக்குள் நினைவகச் சில்லு ஒன்று, அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஒன்று. ‘எவ்வளவு இடம் இருக்கிறது?’ என்று கணினி கேட்டால் பதில் சொல்வது கன்ட்ரோலர். அதன் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இருக்கும் நிரலை, மாற்றிவிட்டால் 32 ஜிபி சில்லை வைத்துக்கொண்டே 256 ஜிபி என்று சொல்லும். கணினி அதை அப்படியே நம்பும், ஏனென்றால் முழுக்க எழுதிப் படித்துப் பார்க்காமல் சரிபார்க்க அதற்கு வேறு வழி கிடையாது. உண்மையான எல்லையைத் தாண்டி எழுதும்போதும் பிழை வராது. சில போலிகளில் புதிய தரவு பழையதன் மேலேயே எழுதப்படும். சிலவற்றில் எழுதியது காற்றோடு போகும். எனக்கு வந்தது இரண்டாவது ரகம். கோப்புகளின் பெயர், அளவு இருக்கும் பட்டியல் பென்டிரைவின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் திறந்து பார்த்தால் எல்லாம் முழுசாக இருப்பது போலவே தெரியும். உள்ளே தரவு இருக்காது. பென்டிரைவின் பூட் மெனுவும் தொடக்கத்தில் இருந்தது, அதனால் வந்தது. அதன் பின்னால் இருந்த ஐஎஸ்ஓக்கள் பாதியாகவோ வெறுமையாகவோ கிடந்தன. படங்களையும் வீடியோக்களையும் சேர்த்து வைக்க இதை வாங்கியவர்களுக்கு நடப்பது இன்னும் கொடுமை, பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

‘நான் அனுப்பும்போது சோதித்தே அனுப்பினேன்’ என்று விற்றவர் ஒரு வீடியோவும் காட்டினார். அதில் மெனு வருவது வரைதான் இருந்தது.

உங்களிடம் ஒரு பென்டிரைவ் பூட் ஆகவில்லையா? பயாஸைக் கிளறுவதற்கு முன் அதை வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள், வேறொரு பென்டிரைவை உங்கள் கணினியில் செருகிப் பாருங்கள். குற்றம் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். நீங்களே எழுதிய பென்டிரைவ் என்றால், இறக்கிய ஐஎஸ்ஓவின் எஸ்ஹெச்ஏ-256 எண் (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) அதிகாரப்பூர்வத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விண்டோஸில் இதற்கு செர்ட்யூட்டில் என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. ஐஎஸ்ஓவை வெறும் கோப்பாகப் பென்டிரைவில் போட்டு வைத்தால் பூட் ஆகாது, அதற்கென்று உள்ள கருவியால் எழுத வேண்டும். யுஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) உள்ள கணினி பொதுவாக எஃப்ஏடி32 என்ற கோப்பு முறையில் உள்ள பகுதியில், இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறையில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்ற கோப்பைத் தேடும். அது இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். எஃப்ஏடி32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸின் இன்ஸ்டால் கோப்பு இப்போதெல்லாம் அதைத் தாண்டிவிடுவதால், கையால் நகலெடுப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வதுண்டு. ரூஃபஸ் இதைத் தானாகச் சமாளித்துக்கொள்ளும். அதில் ‘பேட் பிளாக்’ சோதனை என்று ஒரு வசதியும் உண்டு, போலிக் கொள்ளளவை அதுவும் பிடித்துவிடும். லினக்ஸ்காரர்களுக்கு இதே சோதனைக்கு எஃப்3 என்ற நிரல் இருக்கிறது.

இன்னொன்று. அந்தப் பென்டிரைவில் ‘ஆக்டிவேட்டர்’ (உரிமம் வாங்காமலே விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் ஆக்கும் நிரல்) என்று ஒரு கோப்புறை இருந்தது. ஓட்டுவதற்கு முன் டிஃபெண்டரை (விண்டோஸின் வைரஸ் தடுப்பு) நிறுத்தும்படி குறிப்பும் கூடவே. நல்ல வேளை, அதில் விண்டோஸ் ஏறவே இல்லை. யாரோ திருத்தி வைத்த விண்டோஸை ஏற்றி, யாரோ கொடுத்த நிரலுக்காகப் பாதுகாப்பையும் அணைத்துவிட்டு, அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது என்னால் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். மைக்ரோசாஃப்டே இன்ஸ்டால் பென்டிரைவ் தயாரிக்கும் கருவியை இலவசமாகத் தருகிறது. அதற்கு 8 ஜிபி பென்டிரைவ் போதும். லினக்ஸ் ஐஎஸ்ஓக்களும் இலவசம். காசு கொடுத்து வாங்க இதில் எதுவுமே இல்லை.

புகார் செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் ‘பூட் ஆகவில்லை’ என்று புகார் போட்டேன். ‘வாடிக்கையாளர் கணினி அமைப்பில் கோளாறு’ என்று மூடிவிட்டார்கள். சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு ‘விளம்பரத்தில் சொன்ன கொள்ளளவு இல்லை, பொருள் போலி’ என்று மறுபடி எழுதிய பிறகுதான் பணம் திரும்பி வந்தது. பயாஸைக் காரணம் காட்டி அதிலிருந்து நழுவ முடியாது. சர்வீஸ் கடைக்குக் கொடுத்த கட்டணம் போனது போனதுதான். கேட்கப் போனால், ‘நாங்கள் பார்த்ததற்கு வாங்கினோம்’ என்கிறார்கள்.

பென்டிரைவைத் திருப்பிக் கேட்கவில்லை, அதனால் என்னிடமே இருக்கிறது. எஃப்3-உடன் வரும் எஃப்3ஃபிக்ஸ் என்ற கருவியால் உண்மையான அளவுக்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுப் பயன்படுத்தலாம். போட்டிருக்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட போலிகளில் கழித்துப்போட்ட மட்டமான சில்லுகளையும் வைப்பார்கள் என்பதால் தொலைந்தால் பரவாயில்லை என்கிற கோப்பைத் தவிர வேறெதையும் அதில் வைப்பதில்லை.