கடல்நீர் பம்பு: எஸ்.எஸ். 316-ஆ, நிக்கல் அலுமினிய வெண்கலமா?

கிணற்றுப் பம்புக்குப் பேர்போன கோவை பவுண்டரிகள் உள்நாட்டுப் போர்க்கப்பலுக்குக் கடல்நீர் பம்பு உடல் வார்க்க இறங்கினால், முதல் கேள்வி உலோகம்தான்.

எஸ்.எஸ். 316 என்ற துருப்பிடிக்காத எஃகு கைக்குப் பழகியது, விலையும் குறைவு. ஆனால் கப்பல் கரையில் நிற்கையில் கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) அடியில் தேங்கும் உப்புநீர் அதைக் குழி குழியாக அரித்துவிடும்.

நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் (செம்பு சுமார் 80%, அலுமினியம் 9%, மீதி பெரும்பாலும் நிக்கல், இரும்பு) அந்தத் தொல்லை குறைவு. சிப்பியும் அவ்வளவாக ஒட்டாது. கஷ்டமெல்லாம் ஊற்றுவதில். உலோகம் சலசலத்து விழுந்தால் ஆக்சைடு படலம் உள்ளே மடிந்துகொள்ளும். பிரஷர் டெஸ்டில் கசியும். அச்சு அடியிலிருந்து நிரம்பும்படி கேட்டிங் (உலோகம் பாயும் வழி) வைத்து, செராமிக் ஃபில்டரும் போட வேண்டும். பிறகு வார்ப்பை 675 டிகிரி செல்சியஸில் 6 மணி நேரம் சூடேற்றினால் அரிப்பைத் தாங்கும்.

எங்கள் ஓட்டு வெண்கலத்துக்கே. சாக்கடை கலந்த துறைமுகத் தண்ணீரின் சல்பைடு மட்டும் இதற்கும் ஆகாது.