‘கேம்பஸ் ஹாஸ்டல்’ என்று பணம் கட்டினோம், மகளுக்குக் கிடைத்தது ஒரு சமையலறை

மச்சினன் நேற்று ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான். பையனுக்குச் சென்னைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். ஹாஸ்டலுக்கு நாளைக்குள் பணம் கட்டினால்தான் ரூம், இல்லாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட் என்கிறார்களாம். "கட்டிரவா மச்சான்?" என்றான். போன வருஷம் இதே அவசரத்தில்தான் நானும் கட்டினேன். அவனிடம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். இந்த ஜூலை மாதத்தில் செக் புத்தகத்தோடு அலைகிற அப்பா அம்மா இன்னும் நிறைய பேர் இருப்பார்கள்.

நாங்கள் மணப்பாறை. மகளுக்குச் சென்னை புறநகரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை. பாடம் நடத்துவதில் எனக்குக் குறை எதுவும் இல்லை என்பது ஒரு காரணம். மகள் இன்னும் மூன்று வருஷம் அங்கேதான் படிக்க வேண்டும் என்பது இன்னொன்று, உண்மையைச் சொன்னால் அதுதான் முதல் காரணம்.

சேர்வதற்கு முன்னால் குடும்பத்தோடு போய் ஹாஸ்டலைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். பார்க்காமல் ஏமாந்தோம் என்று யாரும் சொல்ல முடியாது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு தம்பி கூட்டிப்போய்க் காட்டினார். நாலு மாடிக் கட்டடம், மெஸ் எதிரிலேயே. ரூமில் மூன்று கட்டில், மூன்று மேசை, மடிப்புக் கலையாத நீல விரிப்பு, ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம். என் மனைவி குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். நான் கட்டிலை ஆட்டிப் பார்த்தேன். "இந்த ரூம்தானா?" என்று மட்டும் இரண்டு பேருமே கேட்கவில்லை. "இதே மாதிரி ரூம்தான் சார்" என்றார் அந்தத் தம்பி. அந்த ‘மாதிரி’யை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

ஹாஸ்டலும் மெஸ்ஸும் சேர்த்து 1,15,000. காலி செய்யும்போது திருப்பித் தருகிற காஷன் டெபாசிட் 10,000. அமெனிட்டீஸ் என்று 7,500. ஆக மொத்தம் 1,32,500 ரூபாய், ஒரே தவணை. கூடவே எட்டுப் பக்கத்துக்கு ஒரு படிவம். கூட்டுறவு சங்கத்தில் 22 வருஷமாக அடுத்தவர்களின் கையெழுத்தைச் சரிபார்க்கிற ஆள் நான். அந்தப் படிவத்தைக் கார் பானட் மேல் வைத்து, மகள் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வெயில் அப்படி.

ஆகஸ்டில் சேர்க்கும் நாள். பெட்டி, வாளி, தலையணை, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். கையில் ஒரு சீட்டு கொடுத்தார்கள். ‘எக்ஸ்டென்ஷன் பிளாக், எஃப் 2, கே’ என்று இருந்தது. நீல விரிப்பு பார்த்த கட்டடத்தைக் காட்டி, அங்கேயா என்று கேட்டேன். "இல்ல சார், பஸ்ல ஏறுங்க, அஞ்சு நிமிஷம்" என்றார்கள். பஸ் கல்லூரி கேட்டைத் தாண்டி வெளியே போனபோது என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று கிலோமீட்டர் தள்ளி, கீழே ஹார்டுவேர் கடை உள்ள ஒரு வாடகை அடுக்குமாடிக் கட்டடத்தில் நின்றது. மாடியில் இரண்டு பெட்ரூம் வீடு. ஹாலில் நாலு கட்டில், பெட்ரூம்களில் மூன்று மூன்று, ‘கே’யில் இரண்டு. கே என்றால் கிச்சன்.

கறுப்பு கிரானைட் மேடை அப்படியே இருந்தது. சிலிண்டர் வைக்கிற இடத்தில் பெட்டியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். டைல்ஸுக்கு மேலே சுவரில் யாரோ ஒரு குடும்பம் பல வருஷம் தாளித்த எண்ணெய்க் கறை, மஞ்சளும் பழுப்புமாக, கையை வைத்தால் ஒட்டியது. எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிய வட்ட ஓட்டைதான் ஜன்னல். சிங்க் தெரியாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. மகள் ஒன்றும் பேசாமல் படம் வரைகிற டிராஃப்டரையும் புத்தகங்களையும் மேடையில் அடுக்கினாள். "உசரம் சரியாத்தாம்ப்பா இருக்கு, நின்னுக்கிட்டே படிக்கலாம்" என்று சிரித்தாள். அம்மா அழுதுவிடக் கூடாதே என்று சிரித்தாள் என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே கூட்டி வந்திருக்கலாமே என்று என் அண்ணன் இப்போதும் கேட்கிறார். டியூஷன் ஃபீஸ் கட்டியாயிற்று, கவுன்சலிங் முடிந்துவிட்டது, எங்கே கூட்டிப்போவது? அந்த நேரம் பார்த்துத்தான் நமக்குச் சீட்டைக் கையில் கொடுக்கிறார்கள்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பாத்ரூம். கல்லூரிக்குக் காலையில் 7.10க்கு ஒரு பஸ், 7.40க்கு ஒரு பஸ். டிபன் கல்லூரி மெஸ்ஸில்தான் என்பதால் பஸ்ஸை விட்டால் டிபனும் போச்சு. சாயங்காலம் கடைசி பஸ் 6.45. லைப்ரரி இரவு 9 மணி வரை என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, இவளுக்கு அது ஆறரைக்கே பூட்டின மாதிரி. வீட்டுக்கும் வகுப்புக்கும் அலைச்சல் வேண்டாம், லைப்ரரியும் லேபும் பக்கத்தில் இருக்கட்டும் என்றுதானே கேம்பஸுக்குள் ஹாஸ்டல் கேட்டோம்? ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, சாப்பாடு ஹாட் பாக்ஸில் ஆட்டோவில் வரும். பூரி வந்து சேரும்போது தோசையாகப் படுத்திருக்கும் என்பாள்.

வார்டனிடம் கேட்டால், "டெம்பரரி சார், ரெண்டு வாரத்துல உள்ள மாத்திடுவோம்." ஆபீஸில் கேட்டால், "வார்டன்கிட்ட பேசுங்க சார்." ஆயுதபூஜைக்கு மகள் ஊருக்கு வந்தபோதும் அது டெம்பரரியாகவே இருந்தது.

விஷயம் என்னவென்று எனக்கு விளங்கியது பேங்கில். கல்விக் கடனில் ஹாஸ்டல் செலவையும் சேர்க்கலாம் என்பதால் ரசீதுகளை எடுத்துக்கொண்டு போனேன். மேனேஜர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சார், டியூஷன் ரசீது காலேஜ் பேர்ல இருக்கு. இது வேற ஆளா இருக்கே?" என்றார். லோகோ அதேதான். பெயரின் முதல் சொல்லும் அதேதான். அதற்குப் பின்னால் சின்ன எழுத்தில் ‘ஹாஸ்பிடாலிட்டி சர்வீசஸ்’ என்று இருந்தது. ஹாஸ்டல் பணம் போனது கல்லூரிக்கு இல்லை, வேறொரு நிறுவனத்துக்கு. அடியில் ஒரு ஜி.எஸ்.டி. எண். கல்வி நிறுவனம் தன் மாணவருக்குத் தருகிற சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, அதனால் ஹாஸ்டல் ரசீதில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாலு மாதம் அந்த ரசீது என் பீரோவில் இருந்தது. ஊர்க் கணக்கெல்லாம் பார்க்கிறவன் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரிதான் அந்த எட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தேன். இட ஒதுக்கீடு நிர்வாகத்தின் விருப்பத்துக்கு உட்பட்டது, தேவைப்பட்டால் ‘இணைப்புக் கட்டடங்களில்’ தங்கவைக்கப்படும், நடுவில் விலகினால் கட்டணம் திரும்பத் தரப்படாது. எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து, நல்ல தெளிவாக.

இங்கே ஒரு விஷயம் நிறைய பேருக்குக் குழம்புகிறது. கல்லூரியையே விட்டு விலகுகிறவர்களுக்குப் பணம் திருப்பித் தர பல்கலைக்கழக மானியக் குழு விதி வைத்திருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னால் விலகினால் சிறு நிர்வாகக் கழிவு போக முழுத் தொகை, அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறைந்துகொண்டே போகும். இதைக் காட்டி நானும் வாதாடப் பார்த்தேன். "அது அட்மிஷன் கேன்சல் பண்றவங்களுக்கு சார், நீங்க ஹாஸ்டல் மட்டும்தான வெக்கேட் பண்றீங்க, அதுவும் எங்க ஹாஸ்டல் இல்ல" என்றார் அக்கவுன்ட்ஸ் ஆபீசர். ஜூன் மாதம் எங்களுக்குச் சுற்றிக் காட்டும்போது ‘எங்க ஹாஸ்டல்’. நவம்பரில் ‘எங்க ஹாஸ்டல் இல்ல’.

பிறகு, கல்லூரி வக்கீல் ஒருவரைத் தெரிந்த சங்கச் செயலாளர் மூலமாக 2023ஆம் வருஷத்து மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். அதுவும் மானியக் குழு போட்டதுதான். கல்லூரியின் விளக்கக் கையேட்டில் ஹாஸ்டல் வசதியும் அதன் கட்டணமும் உட்பட விவரங்களைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும் என்கிறது. கையேட்டில் பொய்யான, திசைதிருப்பும் தகவல் போடுவதும், அதில் சொன்ன வசதியைத் தராமல் விடுவதும் ‘குறை’ என்ற கணக்கில் வரும். கல்லூரியிலேயே குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது பரிந்துரை தர வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். படித்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஒரே சிக்கல், புகார் மாணவியின் பெயரில் போக வேண்டும்.

"வேணாம்ப்பா. இன்டர்னல் மார்க் அவங்க கைல இருக்கு" என்றாள் மகள்.

இதற்கு என்ன பதில் சொல்வது? மூன்று வாரம் எழுதி வைத்த புகாரை அனுப்பாமலே வைத்திருந்தேன். கடைசியில் வேலை நடந்தது வேறு விதமாக. அந்தக் கட்டடத்தில் இருந்த பிள்ளைகளின் பெற்றோர் பதினோரு பேர் வாட்ஸ்அப்பில் சேர்ந்து, யார் பெயரும் தனித்துத் தெரியாதபடி முதல்வருக்கு ஒரே கடிதம் எழுதினோம். கையேட்டில் ஹாஸ்டலைப் பற்றிச் சொல்கிற 14ஆம் பக்கத்தையும், மேடை மேல் டிராஃப்டர் இருக்கிற போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து இணைத்தோம். விதிமுறையின் பெயரை முதல் வரியிலேயே போட்டோம். பொங்கல் முடிந்து போனபோது ‘கே’ பிள்ளைகளை மட்டும் முதலில் உள்ளே மாற்றினார்கள். மூன்று பேர் ரூமில் நாலாவதாக ஒரு கட்டில். நீல விரிப்பு இல்லை, வேப்பமரம் இருந்தது. ஹாலில் இருந்தவர்கள் வருஷம் முழுக்க அங்கேயேதான்.

மச்சினனுக்குச் சொன்னது இதுதான். பணம் கட்டுமுன் ரசீது யார் பெயரில் வரும் என்று கேள், எந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார்கள் என்று பார். பிளாக் பெயர், ஒரு ரூமுக்கு எத்தனை பேர், கல்லூரி கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, இந்த மூன்றையும் மெயிலில் எழுதி வாங்கு. வாயால் சொல்கிறவர் அடுத்த மாதம் வேறு கல்லூரியில் வேலை பார்ப்பார். முதல் வருஷப் பிள்ளைகளுக்குத் தனி பிளாக் உண்டா என்று கட்டாயம் கேள், 2009ஆம் வருஷத்து ராகிங் தடுப்பு விதிமுறை அதைத்தான் சொல்கிறது. வெளியே வாடகைக் கட்டடத்தில்தான் தங்கவைப்பார்கள் என்றால் அந்தக் கட்டடத்தை உன் கண்ணால் பார். பெண் பிள்ளையாக இருந்தால், தமிழ்நாட்டில் 2014ஆம் வருஷத்துச் சட்டப்படி மகளிர் விடுதிக்கு உரிமம் வேண்டும். அது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? என் மகள் இந்த வருஷம் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் இருக்கிறாள். அங்கே உரிமத்தை வாசலிலேயே ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

மெஸ் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் அக்கா மகன் அரசுக் கல்லூரி ஹாஸ்டலில் படித்தான். அங்கே டிவைடிங் சிஸ்டம், மாதச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், சொல்லிவிட்டு ஊருக்குப் போனால் அந்த நாட்களைக் கழித்துக்கொள்வார்கள். எங்களுக்கு வருஷத்துக்கு ஒரே தொகை. தீபாவளிக்குப் பத்து நாள் வீட்டில் இருந்தாலும் அந்த இட்லிக்கும் காசு. பழைய வரி முறையில் கிடைக்கிற வருமான வரிக் கழிவுக்கும் டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் வரும், ஹாஸ்டல் பணம் வராது. இதையும் நான் ஜனவரியில் ஆபீஸில் கொடுத்து, கிளார்க் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் ஹாஸ்டலைக் காலி செய்தோம். காஷன் டெபாசிட் 30 நாளில் வரும் என்றார்கள். நாலு போன், இரண்டு மெயிலுக்குப் பிறகு போன வாரம் வந்தது. 10,000க்கு 6,200. மீதி எங்கே என்று கேட்டதற்கு ஒரு பக்கத்தில் விவரம் அனுப்பியிருந்தார்கள். மின்சாரம் 900. ரூம் சாவி 500. மூன்றாவது வரியில், ‘எஃப் 2, கே: சுவரில் எண்ணெய்க் கறை, பெயின்ட் செலவு 2,400’.