கன்டெய்னர் போல்ட் சீல்: 'எச்' வகை எப்படி?

கன்டெய்னர் கதவில் ஒருமுறை பூட்டினால் வெட்டித்தான் எடுக்க முடிகிற உலோகப் பூட்டுதான் போல்ட் சீல். கணினிச் சிப், துல்லியக் கருவி மாதிரி விலை கூடிய சரக்குக்கு, சீல்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17712-இன் 'எச்' (உயர் பாதுகாப்பு) வகை சீல்தான் சரி. 10 கிலோநியூட்டன் இழுவிசை தாங்க வேண்டும். 'ஐ' என்றிருந்தால் அது வெறும் அடையாள சீல், ஏமாறாதீர்கள்.

பூட்டும்போது 'டக்' சத்தம் கேட்டால் போதாது. இழுத்துப் பார்த்து, முறுக்கியும் பாருங்கள்: வெட்டிய போல்ட்டில் மரை போட்டு மறுபடி மாட்டியிருந்தால் முறுக்கும்போதுதான் கழன்று வரும். சீல் எண்ணைக் கப்பல் ஆவணத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

பெரிய போல்ட் கட்டருக்கு இது தாங்காது; திருட்டைத் தடுப்பதைவிடக் காட்டிக்கொடுக்கத்தான் உதவும். அதிலும் ஓட்டை உண்டு. கதவுக் கைப்பிடியின் ரிவெட்டைக் கழற்றினால் சீல் அப்படியே இருக்கும், சரக்கு மட்டும் இருக்காது. ரிவெட்டில் புதுப் பெயின்ட் தெரிந்தால் கதவைத் திறக்குமுன் படமெடுத்துவிடுங்கள்.